அகநோக்கியும் உணவுக்குழாயின் வாயிலும்

1868 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் அடொல்ஃப் குஸ்மவுல் என்னும் மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் உணவுக்குழாயினுள் விறைத்த குழாயொன்றைச் செலுத்தி இரைப்பையை நோக்க முயன்றார். பயிற்சியற்ற நோயாளர் அதனைத் தாங்கார். 1957 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பசில் ஹிர்ஷோவிற்சும் துணைவரும் உருவாக்கிய, வளையும் நார் ஒளியியல் அகநோக்கி அவ்விடரைக் களைந்தது. ஆயினும் வாயில் கடத்தற்கு இன்றும் நுட்பம் வேண்டும்.

வெட்டுப்பற்களிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 18 சதமமீற்றர் ஆழத்திலுள்ள மேல் இறுக்கித்தசை இயல்பாகவே மூடியிருக்கும். விழுங்கும்போது கணநேரம் தளரும். எனவே, தள்ளுவதன்று, காத்திருப்பதே முறை. நோயாளரை இடப்பக்கமாகக் கிடத்தி, நாடியை மார்பை நோக்கித் தாழ்த்தி, விழுங்கச் செய்து, தசை திறக்கும் கணத்திற் கருவி செலுத்தப்படும்.

சிலருக்கு அத்தசையின் சற்று மேலே பின்சுவர் புடைத்துச் சென்கர் பை தோன்றும். கருவி எளிதில் அதனுள்ளே வழிதவறும். அழுத்தினாற் சுவர் துளைபட்டு, நெஞ்சறையில் உயிராபத்தான தொற்று விளையலாம். ஆதலின், உண்மை வழியைக் கண்ணாற் கண்டு, வழிகாட்டிக் கம்பியை முதலிற் செலுத்தி, அதன்மீது கருவியை நகர்த்துவர். குழாய் ஒடுங்கியிருப்பின், 9 மில்லிமீற்றர் அளவான வழமைக் கருவிக்குப் பதிலாக 6 மில்லிமீற்றருக்கும் மெல்லியது உதவும்.

வழி புலப்படாதவிடத்துப் பின்வாங்குதலும் மருத்துவத் திறனேயாகும்.