மலைப்பாதைக்கு ஏற்ற காலணி எது?

திருப்பதியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏற இரண்டு படிவழிகள் உள்ளன. அலிபிரியில் தொடங்கும் வழி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் கொண்டது. ஸ்ரீவாரி மெட்டு எனப்படும் மற்றொரு வழி 2 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அதன் படிகள் 2,388. பக்தர்களில் பலர் வெறுங்காலுடனேயே இவ்வழிகளில் ஏறுகின்றனர். சமன்செய்த படியில் பாதம் முழுவதும் பதிவதால் அது இயலுகின்றது. ஆனால் படிவழியை விட்டுக் காட்டுத் தடத்தில் இறங்கியவுடன் நிலைமை மாறிவிடுகின்றது. வனக் காவலர், நில அளவையாளர், உரிய அனுமதி பெற்று மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஆகியோர் காலணியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் செலுத்த வேண்டியது இங்கேதான். சாலைக்கு வெகு தொலைவில் கணுக்கால் பிசகினால், ஒருவரைச் சுமந்து வர நால்வர் வேண்டும்.

நிலத்தின் இயல்பு

2010ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசல மலைத்தொடரில், பழைமையான கருங்கல்லின் மேல் குவார்ட்சைட்டுப் பாறை அடுக்குகள் படிந்துள்ளன. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தைத் திருமலை மலைச்சாலையின் ஓரத்திலேயே காணலாம். குவார்ட்சைட்டு மிகவும் கடினமானது; உடையும்போது கூரிய விளிம்புகளுடன் சில்லுகளாகச் சிதறும். இச்சில்லுகள் சரிவுகளில் உறுதியின்றிக் கிடந்து, கால் வைத்ததும் உருளும். இவற்றோடு முட்புதர்களும் உண்டு. கல்லிடுக்குகளில் விரியன் பாம்புகளும் தங்கும். பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை முழங்காலுக்குக் கீழேயே ஏற்படுகின்றன என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இருவகைக் காலணிகள்

படிகளுக்கும் சாலைக்கும் உரிய காலணி இலேசானது; எளிதில் வளைவது. அதன் அடிப்பாகம் மென்மையான ரப்பரால் ஆனது, வரிகள் ஆழமற்றவை. ஆகவே கல்லின் மீது அதிகப் பரப்பு படிந்து நல்ல பிடிப்பு உண்டாகின்றது. காட்டுத் தடத்திற்குரிய காலணி இதற்கு மாறானது. அதன் அடிப்பாகம் தடித்தது, எளிதில் வளையாதது. கூரிய கல்லின் அழுத்தத்தையும் முள்ளையும் தடுப்பது. அடியிலுள்ள ஆழமான புடைப்புகள் தளர்ந்த மண்ணில் பதிந்து காலை நிறுத்தும். கணுக்காலை மூடும் உயரமும் அதற்கு உண்டு.

காட்டுக் காலணியே எங்கும் சிறந்தது என்று எண்ணுதல் தவறு. மழையில் நனைந்த வழுவழுப்பான படியில் அதன் புடைப்புகளின் முனைகள் மட்டுமே படியும். ரப்பரும் கடினமாக இருப்பின் எளிதில் வழுக்கும்.

பனிநாட்டினரும் இதே சிக்கலை எதிர்கொள்கின்றனர். காஷ்மீரத்தின் குல்மார்க்கில் இயந்திரத்தால் அழுத்திச் சமன்செய்த பனிச்சரிவும் உண்டு. இயற்கையாக விழுந்து கிடக்கும் மென்பனிச் சரிவும் உண்டு. முன்னதற்கு இடை குறுகிய சறுக்குப் பலகை ஏற்றது; அதன் விளிம்பு விரைவில் பனியைப் பற்றித் திரும்பும். பின்னதற்கு அகன்ற பலகை வேண்டும். இல்லையேல் ஆள் பனியில் புதைவார். இரண்டிற்கும் பொதுவான இடைத்தர அகலப் பலகை எங்கும் உதவும்; ஆயினும் எதிலும் தனிச்சிறப்புப் பெறாது. காலணிக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே, கடைசியாகச் சென்ற கடினமான பயணத்தை எண்ணாமல், ஆண்டில் மிகுதியான நாட்கள் எந்த நிலத்தில் நடக்கிறோம் என்பதைக் கொண்டே தேர்ந்தெடுத்தல் நலம்.

அளவு

சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அண்மையில் நாடு முழுவதும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியரின் பாதம் ஐரோப்பியரின் பாதத்தைவிட அகன்றது என்பது அதனால் தெரியவந்தது. அகலம் போதாமையால் பலர் நீளம் மிகுந்த காலணியை வாங்கிவிடுகின்றனர். அதனுள் பாதம் நகர்ந்து கொப்புளம் உண்டாகும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், காலுறையுடன் அணிந்து பார்த்து வாங்குக. விரல்களுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருத்தல் வேண்டும்; இறங்கும்போது பாதம் முன்னோக்கித் தள்ளப்படும். முழங்காலின் மேல் சுமை மிகுவதும் அப்போதுதான். எனவே ஏறும் வசதியைவிட இறங்கும் உறுதியே முக்கியம்.

வகுப்பறைச் சோதனை

ஒரு கடப்பைக் கல்லை நனைத்து, உள்ளே எடை வைத்த காலணியை அதன் மேல் வைக்கவும். கல்லின் ஒரு முனையை மெல்ல உயர்த்தவும். காலணி வழுக்கத் தொடங்கும்போது, உயர்ந்த முனையின் செங்குத்து உயரத்தை அதன் கீழுள்ள தரைமட்ட நீளத்தால் வகுத்தால் உராய்வுக் கெழு கிடைக்கும். உயரம் 40 சென்டிமீட்டரும் நீளம் 80 சென்டிமீட்டரும் ஆயின் கெழு 0.5 ஆகும். பலவகைக் காலணிகளை இவ்வாறு ஒப்பிட்டு மாணவர்களே தரம் பிரிக்கலாம்.

பாதுகாப்பு

நனைந்த தோல் காலணியை அடுப்பருகே வைக்காமல் நிழலில் உலர்த்துக. பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ள காலணி, பயன்படுத்தாமல் சில ஆண்டுகள் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் சிதைந்து உதிரக்கூடும். மலைக்குப் புறப்படுவதற்கு முதல் நாளே அதை வளைத்துப் பார்த்தல் அவசியம்.