சைக்கிள் மலையேறுகிறது

திண்டுக்கல் நகரத்தில் மொட்டைமாடி ஒன்றில் நின்று தென்கிழக்கே பார்த்தால் சிறுமலை தெரியும். நத்தம் சாலையில் சென்று, வலப்பக்கம் பிரிந்து, 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலைமேல் உள்ள ஊரை அடையலாம். மொத்தம் 25 கிலோமீட்டர் அளவுதான். பேருந்தில் போனால் தூங்கிவிடலாம். சைக்கிளில் போனால் இயற்பியல் பாடம் முழுவதும் நினைவுக்கு வரும்.

பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் மாமா மகனுடன் இந்த மலைக்குச் சைக்கிளில் சென்று வந்தார். மாணவருடையது அகன்ற டயர் போட்ட, கியர் இல்லாத வண்டி. எடை 18 கிலோ. மாமா மகனுடையது அலுமினியச் சட்டமும் கியரும் கொண்ட, காட்டுத் தடங்களுக்கென்றே செய்யப்பட்ட மலை சைக்கிள். எடை 12 கிலோ. அதன் முன் போர்க் 12 சென்டிமீட்டர் அளவுக்கு அமிழ்ந்து எழும். மாமா மகன் உட்கார்ந்தபடியே எல்லா வளைவுகளையும் ஏறிவிட்டார். நம் மாணவரோ பாதி வழியை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்!

திரும்பி வந்ததும் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “சார், உண்டியலில் 4000 ரூபாய் இருக்கிறது. முன்னால் ஸ்பிரிங் வைத்த போர்க் வாங்கிப் போட்டால் என் வண்டியும் அப்படி ஏறுமா?”

ஏறாது என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பணம் அவர் இரண்டு வருடம் சேர்த்தது. ஆகவே காரணத்தையும் சொல்லத்தான் வேண்டும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் எடையைப் பார்ப்போம். மாணவரின் எடை 50 கிலோ. வண்டியோடு சேர்த்து 68 கிலோ. 100 மீட்டர் உயரம் ஏறுவதற்குச் செய்ய வேண்டிய வேலை 68 × 9.8 × 100, அதாவது ஏறத்தாழ 67,000 ஜூல். வண்டி 12 கிலோவாக இருந்தால் இது 61,000 ஜூல் ஆகும். நல்ல உடல்நிலையுள்ள மாணவரின் கால்கள் தொடர்ந்து 100 வாட் திறனைத் தரும் எனக் கொள்வோம். அப்படியானால் 100 மீட்டர் உயரத்துக்கு முதல் வண்டிக்கு 11 நிமிடம், இரண்டாவதற்கு 10 நிமிடம். காற்றையும் உராய்வையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. 6 கிலோவைக் குறைத்ததால் கிடைத்த லாபம் ஒரு நிமிடம்! ஒரு நிமிடம் சிறிதல்ல. ஆனால் ஒருவரை வண்டியிலிருந்து இறக்கி நடக்க வைக்கும் அளவுக்குப் பெரிதும் அல்ல. அவரை இறக்கியது வேறொன்று.

(இந்த வேலைக்கு எரிபொருள் என்ன என்று கேட்பீர்கள். சிறிய மலைவாழைப்பழம் ஒன்றில் 65 கிலோ கலோரி இருப்பதாகக் கொண்டால் அது 2,72,000 ஜூல். தசைகள் அதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகி வியர்வையில் போய்விடும். ஆக, 100 மீட்டருக்கு ஒரு பழம். சிறுமலையில் அதற்குப் பஞ்சமில்லை.)

இப்போது பற்சக்கரங்களுக்கு வருவோம். மாணவரின் வண்டியில் பெடலோடு சுழலும் பற்சக்கரத்தில் 44 பற்கள், பின்சக்கரத்திலுள்ள பிரீவீலில் 18 பற்கள். பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 44/18, அதாவது 2.44 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.05 மீட்டர். எனவே ஒரு மிதி முழுச் சுற்றுக்கு வண்டி 5 மீட்டர் ஓடுகிறது. சமதரையில் இது அருமையான ஏற்பாடு.

மலைப்பாதையில் என்ன ஆகிறது? 100 மீட்டர் நீளத்துக்கு 8 மீட்டர் உயரும் சரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை, டயரின் உருளல் தடையையும் சேர்த்து, ஏறத்தாழ 59 நியூட்டன். 5 மீட்டர் ஓட 295 ஜூல் வேலை. ஒரு சுற்றில் பெடல் கடக்கும் வட்டத்தின் நீளம் 1.07 மீட்டர்தான். ஆகவே பெடலின் மேல் தர வேண்டிய சராசரி விசை 276 நியூட்டன். அதாவது 28 கிலோகிராம் எடை.

இது சராசரி என்பதைக் கவனியுங்கள். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது அதை எவ்வளவு அழுத்தினாலும் சுழற்சிக்கு உதவாது. அந்தக் குறையைப் பெடல் முன்னால் கிடையாக வரும்போது ஈடுசெய்தாக வேண்டும். அப்போது தேவைப்படும் விசை 44 கிலோ எடையை எட்டுகிறது. மாணவரின் முழு எடையே 50 கிலோ அல்லவா? அதனால்தான் ஏற்றத்தில் நாம் இருக்கையை விட்டு எழுந்து, உடம்பு முழுவதையும் பெடல் மேல் ஏற்றுகிறோம். கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் சரிவு இன்னும் செங்குத்தாகும். அங்கே சரிவு 12 மீட்டர் எனக் கொண்டால் உச்ச விசை 64 கிலோ எடை. எழுந்து நின்றாலும் போதாது. கைப்பிடியை மேல்நோக்கி இழுத்துக்கொண்டு மிதித்தால்தான் உண்டு. மாணவர் இறங்கி நடந்ததில் வெட்கப்பட எதுவுமில்லை. நியூட்டன் வந்திருந்தாலும் இறங்கியிருப்பார்.

மாமா மகனின் வண்டியில் மிகக் குறைந்த கியரில் முன்னால் 30 பற்கள், பின்னால் 50 பற்கள். ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது 1.38 மீட்டர் மட்டுமே. அதே 8 மீட்டர் சரிவில் பெடலுக்குத் தேவையான சராசரி விசை 7 கிலோ எடை! நான்கில் ஒரு பங்கு. இலவசமாகக் கிடைத்ததல்ல இது. மூன்றரை மடங்குக்கும் மேலாகச் சுற்ற வேண்டும். செய்யும் வேலை ஏறக்குறைய அதேதான். ஆனால் கால் தாங்கக்கூடிய துண்டுகளாக அது பிரித்துத் தரப்படுகிறது.

இங்கேதான் மாணவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவருடைய வண்டியின் எடையை மட்டும் 12 கிலோவாகக் குறைத்தால் 28 என்பது 26 ஆகும். எடையை அப்படியே விட்டுவிட்டு, 18 பல் பிரீவீலைக் கழற்றி 22 பல் பிரீவீல் போட்டால் 28 என்பது 23 ஆகும். 6 கிலோ எடையைக் குறைக்க எத்தனை ஆயிரம் ரூபாய் ஆகும்! பிரீவீல் மாற்றுவது எந்தச் சைக்கிள் கடையிலும் அரைமணி நேர வேலை. செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம், அவ்வளவே. சமதரையில் வேகம் சற்றுக் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் அமிழ்ந்து எழும் போர்க் எதற்கு? அது ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்கு. அதன் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1970-களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைப்பகுதியில் சில இளைஞர்கள் 1930, 40-களில் செய்யப்பட்ட, தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மண்பாதைகளில் இறக்கி ஓட்டினார்கள். 1976-இல் பந்தயமும் நடத்தினார்கள். அந்த வண்டிகளின் பிரேக் பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருந்தது. ஒருமுறை இறங்குவதற்குள் அது சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ‘மறுபடி அடைத்தல்’ என்னும் பொருள்பட அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயராகிவிட்டது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே தனிச் சட்டம் செய்தார். 1989-இல் பால் டர்னர் என்பவர் வடிவமைத்த ‘ராக்‌ஷாக்ஸ்’ போர்க் விற்பனைக்கு வந்தது; அது அமிழ்ந்தது 5 சென்டிமீட்டர் அளவுதான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் ஓட்டமும் ஒரு போட்டியாயிற்று.

இன்று பள்ளத்தாக்குகளில் பாய்ந்து இறங்கும் பந்தய வண்டிகளுக்கு 20 சென்டிமீட்டர் அமிழும் போர்க்குகள் உண்டு. அவை கனமானவை, மிதிக்கும்போது வண்டி குதிரைபோல் முன்னும் பின்னும் ஆடும். திண்டுக்கல் சமவெளியின் செம்மண் தடங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் எதிர்ப்படுபவை கையளவுக் கற்களும் மாட்டுவண்டித் தடங்களும்தான். இவற்றுக்கு 10 அல்லது 12 சென்டிமீட்டரே தாராளம்.

நல்ல போர்க்கில் இரண்டு உறுப்புகள் உள்ளன. ஒன்று வில், இப்போது பெரும்பாலும் குழாய்க்குள் அடைத்த காற்றே வில்லாகப் பயன்படுகிறது. பாயில் விதியை நினைத்துக்கொள்ளுங்கள்: கன அளவு பாதியானால் அழுத்தம் இருமடங்கு. எனவே போர்க் அமிழ அமிழ வில் கடினமாகிக்கொண்டே போகும். காற்றைக் கூட்டியோ குறைத்தோ ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பச் சரிசெய்யவும் முடியும். மற்றொன்று தணிப்பான். எண்ணெய் சிறு துளை வழியாகப் புகுந்து செல்லும்போது அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகிறது. வில் மட்டும் இருந்து தணிப்பான் இல்லையென்றால், வாங்கிய அடியை வில் அப்படியே திருப்பிக் கொடுக்கும். 4000 ரூபாய்க்குள் கிடைக்கும் போர்க்குகளில் பெரும்பாலும் சுருள்வில் மட்டுமே இருக்கிறது. எடையும் இரண்டு கிலோவைத் தாண்டும். கடையில் கைப்பிடியை ஓங்கி அழுத்திச் சட்டென்று விட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் எழுந்து நின்றால் தணிப்பான் இருக்கிறது. இரண்டு மூன்று முறை துள்ளினால், நீங்கள் வாங்கப் போவது கட்டில் ஸ்பிரிங்.

மாமா மகனின் போர்க்கிலும் ஒரு குறை இருந்தது. காற்றை மிக அதிகமாக அடைத்து வைத்திருந்தார். நாம் ஏறி உட்கார்ந்ததும் போர்க் தன் நீளத்தில் கால் பங்கு, 12-க்கு 3 சென்டிமீட்டர், தானாக அமிழ வேண்டும். கல் வந்தால் சக்கரம் மேலே போவது போலவே, குழி வந்தால் கீழேயும் போகவேண்டும் அல்லவா? அதற்கான இருப்பு இது. போர்க்கின் வழவழப்பான குழாயில் நூல் ஒன்றைக் கட்டிவிட்டு ஏறி இறங்கினால் எவ்வளவு அமிழ்ந்தது என்று நூலே காட்டிவிடும்.

போர்க்குக்கு முன்பே அதிர்ச்சியைத் தாங்கும் வேறொரு காற்று வில் எல்லாச் சைக்கிளிலும் இருக்கிறது. டயர்தான்! 1888-இல் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்ததும் அதிர்ச்சியைக் குறைக்கத்தான். ஒரு சக்கரத்தின் மேல் 34 கிலோ எடை இறங்குவதாகக் கொள்வோம். டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ எட்டரைச் சதுர சென்டிமீட்டர்; 2 கிலோ இருந்தால் 17. மணலிலும் சரளையிலும் இரண்டாவதே நல்லது: புதையாது, வழுக்காது, சிறு கற்களை விழுங்கிவிடும். தார்ச்சாலையில் அழுத்தம் கூடுதலாக இருக்கட்டும். காற்றை மிகவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த தடம்போல் அடுத்தடுத்து இரண்டு துளைகள் விழும்.

டயரின் தரமும் முக்கியம். பெரிய முட்டுகள் கொண்ட, தடித்த ரப்பர் டயர் தார்ச்சாலையில் நம் 68 கிலோவை உருட்ட ஏறத்தாழ 8 நியூட்டன் விசை கேட்கும். முட்டுகள் சிறியதாயும் பக்கச் சுவர் மெல்லியதாயும் உள்ள நல்ல டயருக்கு 4 நியூட்டன் போதும். பழைய டயரோடு வண்டியில் 6 கிலோவைக் குறைத்தாலோ மிச்சம் ஒரு நியூட்டன்கூட இல்லை.

நம் பக்கத்தில் சீமைக்கருவேல முள் ஒரு தனிப் பிரச்சினை. டியூப் இல்லாத டயருக்குள் ரப்பர் பால் கலந்த திரவத்தை ஊற்றி ஓட்டுகிறார்கள். முள் குத்தினால் காற்றோடு வெளியேறும் திரவத்திலுள்ள ரப்பர்த் துகள்கள் துளையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். நம் வெயிலில் திரவம் சீக்கிரம் உலரும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். இதற்கேற்ற ரிம் மாணவரின் வண்டியில் இல்லை. ஆகவே அவருக்குப் பஞ்சர் பெட்டிதான்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து மெதுவாக இறங்கும்போது மூன்று லட்சம் ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலின் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பம் ஏறத்தாழ அவ்வளவுதான்! ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் ரிம் சூடாகி, டியூப் வெடித்ததும் உண்டு. எனவே பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் தளர்த்துங்கள். இடையிடையே நின்று ரிம்மை ஆறவிடுங்கள். சூடான ரிம்மைத் தொடாதீர்கள். தேய்ந்த பிரேக் கட்டைகளோடு மலைக்குப் போகவே கூடாது. சாலையை விட்டுக் காட்டுத் தடங்களில் இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அங்கே காட்டுமாடுகளும் உண்டு.

கடைசியில் மாணவர் போர்க் வாங்கவில்லை. 22 பல் பிரீவீல், இரண்டு டயர்கள், நான்கு பிரேக் கட்டைகள் வாங்கினார். இருக்கையை நான்கு விரற்கடை உயர்த்தினோம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் ஏறக்குறைய நிமிர வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. மிச்சப் பணத்தில் திண்டுக்கல் பூட்டு ஒன்று. முக்கால் கிலோ கனம்! எடையைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு இருவரும் சிரித்துக்கொண்டோம்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வண்டி நடமாட்டம் இல்லாத, மெல்லச் சரிந்து பிறகு சமமாகும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். சரிவில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மிதிக்காமல் உருண்டு, வண்டி நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். டயரின் அழுத்தத்தை மாற்றி மாற்றி, ஒவ்வோர் அழுத்தத்திலும் மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். காற்று வீசாத அதிகாலைதான் இதற்கு ஏற்ற நேரம். பிறகு அதே சோதனையை ஒரு மண்பாதையிலும் செய்யுங்கள். தார்ச்சாலையில் வென்ற அழுத்தமே மண்பாதையிலும் வெல்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.