ஒரு பிளேடின் கனம்

கோம்பையில் படகு ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடலை விட்டு வெகு தொலைவில் இருக்கும் ஊர் அது. படகு பார்க்க வேண்டுமென்றால் கம்பம், கூடலூர் கடந்து குமுளி மலை ஏறித் தேக்கடிக்குப் போக வேண்டும். 1895-இல் முடிக்கப்பட்ட பெரியாறு அணை தேக்கி வைத்த நீரில் அங்கே சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. ஆனால் கோம்பைத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும் டீசல் எஞ்சினுக்கும், பாம்பனிலோ மண்டபத்திலோ விசைப்படகின் வயிற்றுக்குள் கிடக்கும் எஞ்சினுக்கும் ஒரே நோய் வருவதுண்டு. அந்த நோயையும், வீட்டிலேயே செய்து கொள்ளத்தக்க ஒரு சிறு கருவியால் அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் பற்றியே இக்கட்டுரை.

நம் வாசகர்களில் கடற்கரைக் குடும்பத்தினரும் உண்டு. பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பத்தினரும் உண்டு. மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடும், இராவுத்தர் என்னும் பெயரைக் குதிரையோடும் சேர்த்துச் சொல்வார்கள். இன்று இரு சாராருக்கும் பொதுவாக வாய்த்திருப்பது எஞ்சின்! தாய்மார்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாதந்தோறும் பணம் எங்கே ஒழுகுகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் நீங்கள் அல்லவா?

எஞ்சினில் ஓர் அச்சு சுழல்கிறது. அது கியர்பாக்ஸ் வழியாக வெளியே வந்து ஒரு வட்டத் தட்டில் முடிகிறது. புரொப்பல்லரைத் தாங்கிய நீண்ட இரும்புத் தண்டின் முனையில் இன்னொரு வட்டத் தட்டு. இரண்டையும் போல்ட்டுகளால் இறுக்கிப் பிணைத்தால் அதுவே கப்ளிங். கிணற்று மேட்டிலும் இதே ஏற்பாடுதான். புரொப்பல்லருக்குப் பதிலாகப் பம்ப். இந்த இரண்டு அச்சுகளும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். விலகல் இரண்டு வகையில் வரும். ஒன்று, இரு அச்சுகளும் இணையாக இருந்தும் ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்பது. மற்றொன்று, இரண்டும் ஓரிடத்தில் கூடினாலும் கோணல் விழுந்து நிற்பது. பெரும்பாலும் இவ்விரண்டும் கலந்தே இருக்கும்.

போல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடாதா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. இறுக்கும்போது தட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் தண்டு வளைகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றி, கியர்பாக்ஸ் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால், தண்டு நிமிடத்துக்கு 500 முறை சுழலும். மணிக்கு 30,000 முறை. பத்து மணி நேரக் கடல் ஓட்டத்தில் மூன்று லட்சம் முறை! ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரும்பு இப்புறமும் அப்புறமும் வளைந்து நிமிர்கிறது. கம்பியை விரலால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதை நாம் அறிவோம். இரும்புத் தண்டுக்கும் அதே கதிதான். சற்றுக் காலம் பிடிக்கும், அவ்வளவே.

கடலில் தண்டு ஒடிந்தால் என்ன ஆகும்? எஞ்சின் முழங்கிக் கொண்டிருக்கும், படகு நகராது. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் மிதக்கும். பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் 1974-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வகுத்த எல்லைக் கோடு இராமேசுவரத்துக்கு அருகிலேயே செல்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டி மிதந்து போன படகையும் அதிலுள்ள ஆட்களையும் மீட்பதற்குள் ஒரு குடும்பம் படும் பாட்டைக் கடற்கரை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கிணற்று மேட்டில் உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் வெயில் காலத்தில் திராட்சைக்கோ வாழைக்கோ நீர் பாய வேண்டிய வாரத்தில் பம்ப் நின்றால் அதுவும் சிறு இழப்பன்று.

நோய் முற்றுமுன் அறிகுறிகள் தெரியும். படகில், தண்டு வெளியேறும் இடத்திலுள்ள கிளாண்டை எவ்வளவு இறுக்கினாலும் நீர் கசியும். கியர்பாக்ஸின் ஆயில் சீல் அடிக்கடி போகும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் பலகை அதிரும். தோட்டத்தில், கப்ளிங்கின் கீழே தரையில் கருப்புத் தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அது ரப்பர் புஷ் அரைபட்ட தூள். "ரப்பர்தான் இருக்கிறதே, அது தாங்கிக் கொள்ளும்" என்பது நம் ஊர்களில் பரவியுள்ள ஒரு நம்பிக்கை. ரப்பர் சிறு விலகலை மன்னிக்கும்; பெரிய விலகலை மறைத்து வைக்கும். புஷ் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் எஞ்சினின் காலடியை ஒருமுறை பார்ப்பது நல்லது. மோட்டாரும் பம்பும் ஒரே அச்சில் அமைந்த மோனோபிளாக் வைத்திருப்போருக்கு இந்தக் கவலை இல்லை.

இனி கருவிக்கு வருவோம்.

முதல் கருவி உங்கள் வீட்டு முகச்சவர டப்பாவில் இருக்கிறது. இருபுறமும் கூர்மையுள்ள சாதாரண பிளேடின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். இரண்டு தட்டுகளுக்கும் இடையிலான இடைவெளி, சுற்றிலும் எங்கு அளந்தாலும், தட்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடலாகாது என்பது மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் விதி. 100 மில்லிமீட்டர் தட்டுக்கு அது 0.1 மில்லிமீட்டர், அதாவது மிகச் சரியாக ஒரு பிளேடின் கனம்! கூர்முனைகளைச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள், விரல் பத்திரம். பட்டறைகளில் ஃபீலர் கேஜ் கிடைக்கும்; கையில் இருந்தால் அதுவே மேல்.

இரண்டாவது கருவியைச் செய்ய வேண்டும். ஒரு விரற்கடை அகலமும் ஆறு மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புப் பட்டை ஒன்று. அதன் ஒரு முனையில், கப்ளிங் போல்ட் நுழையும் அளவுக்குத் துளை. பட்டையைச் செங்கோணமாக மடக்குங்கள். மறுமுனை எதிர்த் தட்டின் விளிம்புக்கு மேலாக நீண்டு நிற்க வேண்டும். அந்த முனையில் துளையிட்டு, எம்-6 நட் ஒன்றை வெல்டு வைத்து, அதில் எம்-6 போல்ட்டை விளிம்பை நோக்கி இறக்குங்கள். போல்ட் நுனியை அரத்தால் கூராக்க வேண்டும். தலைப்பக்கம் வட்டமாக வெட்டிய அட்டையை ஒட்டி, பத்துச் சம பாகங்களாகக் கோடு போடுங்கள். கோட்டைப் படிக்கப் பட்டையில் ஒரு நிலையான குறியும் வேண்டும். எம்-6 மரையின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். அட்டையின் ஒரு பாகத்துக்கு 0.1 மில்லிமீட்டர். கடையில் போல்ட் வாங்கும்போது கவனம்: பார்வைக்கு அதே போல் இருக்கும் கால் அங்குலப் பழைய மரை போல்ட்டில் ஒரு சுற்று 1.27 மில்லிமீட்டர் நகரும். கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். மரையில் ஆட்டம் இருந்தால் மேலே இன்னொரு நட் போட்டு மெல்ல இறுக்கிக் கொள்ளுங்கள்.

அளக்கும் முன் எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக் கொள்ளுங்கள். மின்மோட்டாராயின் பியூஸைக் கழற்றிவிடுங்கள். பிறகு கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றித் தட்டுகளைச் சற்றே விலக்க வேண்டும். ஒரு தட்டின் நடுவில் எழும்பிய விளிம்பு மற்றதன் குழியில் அமர்ந்திருந்தால், அது முழுதும் விடுபட வேண்டும்.

படகில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. விடுபட்ட தண்டு தன் பாரத்தால் தாழ்ந்து தொங்கும். அந்த நிலையில் அளந்தால் எஞ்சினைத் தாழ்த்தியே சரி செய்வீர்கள், அது தவறு. ஸ்பிரிங் தராசு ஒன்றைத் தண்டின் முனையில் கட்டி மேலே இழுத்துத் தாங்குங்கள். எவ்வளவு? வெளியே நீண்டிருக்கும் தண்டின் எடையில் பாதியும், தட்டின் எடை முழுதும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டு மீட்டருக்கு ஏறத்தாழ 15½ கிலோ இருக்கும். ஒரு மீட்டர் நீண்டிருந்து, தட்டு 5 கிலோ எனில், தராசு ஏறத்தாழ 13 கிலோ காட்ட வேண்டும். தராசைப் பிடிக்க ஒரு பையன் போதாது. கயிற்றைக் குறுக்குக் கட்டையில் கட்டிவிடுங்கள்.

கருவியைத் தண்டின் தட்டில் பொருத்தி, இரு தட்டுகளிலும் சுண்ணக்கட்டியால் ஒரே நேரான கோடு போட்டு, இரண்டையும் ஒன்றாகவே சுழற்றுங்கள். மேல், வலம், கீழ், இடம் என நான்கு நிலைகளில் நிறுத்தி, நுனிக்கும் விளிம்புக்கும் இடையே மெல்லிய காகிதத்தை வைத்துப் போல்ட்டை இறக்குங்கள். காகிதம் இழுத்தால் இலேசாகப் பிடிக்கும் இடத்தில் அளவைக் குறித்துக் கொள்ளுங்கள். நகர்த்தும் முன் போல்ட்டைத் தளர்த்த மறக்காதீர்கள். மேல் அளவையும் கீழ் அளவையும் கூட்டினால் வரும் தொகை, வல இட அளவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையெனில் எங்கோ பட்டை அசைந்துவிட்டது, மீண்டும் அளங்கள். மேலே இடைவெளி அதிகம் என்றால் எஞ்சின் தாழ்ந்திருக்கிறது. வேறுபாட்டில் பாதியே உண்மையான விலகல். அவ்வளவு கனமுள்ள தகட்டை எல்லாக் கால்களின் கீழும் கொடுக்க வேண்டும்.

அடுத்துக் கோணல். தட்டுகளின் முகங்களுக்கு நடுவே பிளேடு நுழைத்துப் பாருங்கள். உதாரணமாக 100 மில்லிமீட்டர் தட்டில், மேலே ஒரு பிளேடும் கீழே நான்கு பிளேடும் நுழைகின்றன என்று கொள்வோம். வேறுபாடு 0.3 மில்லிமீட்டர். கீழே வாய் திறந்தால் எஞ்சினின் முன்பக்கம் தூக்கி நிற்கிறது என்று பொருள். மேலே திறந்தால் முன்பக்கம் தாழ்ந்துள்ளது. முன் காலுக்கும் பின் காலுக்கும் 600 மில்லிமீட்டர் தூரம் என்றால், 0.3-ஐ 100-ஆல் வகுத்து 600-ஆல் பெருக்குங்கள்: 1.8 மில்லிமீட்டர். முன் கால்களின் கீழிருந்து அவ்வளவு தகட்டை எடுக்க வேண்டும்; எடுக்கத் தகடு இல்லையெனில் பின் கால்களின் கீழ் சேர்த்து, உயரத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும். தட்டில் 0.3, காலடியில் ஆறு மடங்கு! கண் மதிப்பில் சுத்தியலால் தட்டிச் சரி செய்பவர்கள் ஏன் நாள் முழுதும் தட்டிக் கொண்டே இருக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

எஞ்சினின் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்துள்ளனவா என்றும் பாருங்கள். ஒரு கால் போல்ட்டைத் தளர்த்தியதும் அந்தக் கால் மேலெழுந்தால், மேசையின் ஆடும் காலைப் போல அது எல்லாக் கணக்கையும் கெடுக்கும்.

எஞ்சினே இன்னும் ஏற்றாத புதிய படகாயின், தண்டு செல்லும் குழாயின் இரு முனைகளிலும் நடுவில் சிறு துளையிட்ட மரக்கட்டைகளை அடைத்து, மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பை அவற்றின் வழியே இழுத்து முன்னால் முறுக்கிக் கட்டுங்கள். எஞ்சினின் அச்சு எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அந்த நரம்பு காட்டிவிடும். தச்சர் அடித்தளக் கட்டைகளை அதன்படி செதுக்கினால் பின்னால் தகடுகளின் தொல்லை பெரிதும் குறையும்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் அப்போதுதான். கரையில் கட்டைகளின் மேல் நிற்கும்போது நேராக்கிவிட்டு, தடை முடிந்த உடனே கடலுக்கு ஓடுவது பலருடைய வழக்கம். கரையில் நிற்கும் படகின் உடல் ஒரு வடிவம்; நீரில் மிதக்கும்போது சற்றே வேறு வடிவம். மரப்படகில் இது இன்னும் அதிகம். உலர்ந்த பலகை நீர் குடித்து ஊறும். ஆகவே கரையில் செய்தது முதல் பாதிதான். படகை இறக்கி ஒன்றிரண்டு நாள் மிதக்கவிட்டு, டீசல் தொட்டியைப் பாதியளவு நிரப்பி, அதன் பிறகே கடைசி அளவை எடுக்க வேண்டும். இரண்டு மாதம் வருமானமின்றி இருந்த வீட்டில் இன்னும் இரண்டு நாள் பொறு என்று சொல்வது எளிதன்று என்பதை அறிவோம். தடை முடிவதற்கு மூன்று நாள் முன்பே படகை நீரில் இறக்க முடிந்தால் அந்த இழப்பும் இல்லை.

கோம்பைப் பக்கத்து எஞ்சினுக்கு நீரில் ஊறும் கவலை இல்லை. சூட்டின் கவலை உண்டு. குளிர்ந்திருக்கும்போது நேராக்கிய எஞ்சின், ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறியதும் சற்று உயரும். நிறுத்திய உடனேயே மீண்டும் ஒருமுறை பிளேடால் பாருங்கள்.

வீட்டில் ஐ.டி.ஐ. படித்த பிள்ளை இருந்தால் இந்தப் பட்டையை ஒரு மாலையில் செய்துவிடுவான். எடுத்த நான்கு அளவுகளையும், வைத்த தகடுகளின் கனத்தையும், தேதியையும் எஞ்சின் அறைச் சுவரிலோ படகின் பலகையிலோ பெயிண்டால் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு மெக்கானிக் வந்தாலும் அதிலிருந்து தொடங்கலாம். எல்லாம் இறுக்கி முடித்துப் பத்து மணி நேரம் ஓடிய பிறகு, கப்ளிங் போல்ட்டுகளை மட்டும் தளர்த்தி, அந்தப் பிளேடை இன்னொரு முறை சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். கால் போல்ட்டுகள் அமுங்கியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.