டைம் மெஷினை வைத்து ஜோசியம் பார்த்தவர்கள்: ‘இன்று நேற்று நாளை’ இன்னும் ஏன் பிடிக்கிறது?

கடந்த காலத்துக்குப் போக ஒரு மெஷின் கிடைத்தால் எந்தத் தேதிக்குப் போவீர்கள்? ராமேஸ்வரம் தீவில் இதற்கு ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை: 1964 டிசம்பர் 22. அன்றிரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. கூரையில்லாத தேவாலயச் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. சில மணி நேரம் முன்னதாகப் போய், “ரயிலை எடுக்காதீங்க” என்று சொல்ல முடிந்தால்?

இந்த ஏக்கம்தான் காலப்பயணக் கதைகளின் மூலதனம். 2015 ஜூனில் வெளியான ‘இன்று நேற்று நாளை’ அதைத் தலைகீழாகத் திருப்பியது. இயக்குநர் ஆர்.ரவிக்குமாருக்கு அது முதல் படம். 2065இல் விஞ்ஞானி ஆர்யா உருவாக்கும் மெஷின், 2015இல் இரண்டு பேர் கையில் சிக்குகிறது. ஒருவர் தொழில் தொடங்க அலையும் இளங்கோ (விஷ்ணு விஷால்). இன்னொருவர் டுபாக்கூர் ஜோசியர் புலிவெட்டி ஆறுமுகம் (கருணாகரன்).

இவர்கள் வரலாற்றையா திருத்துவார்கள்? பொருளைத் தொலைத்தவர்கள் தேடி வருகிறார்கள். இவர்கள் சத்தமில்லாமல் அந்த நாளுக்குப் போய், பொருள் எங்கே போனது என்று பார்த்துவிட்டு வந்து, கட்டம் பார்த்துச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். ஜோசியம் பலிக்கிறது, காசு கொட்டுகிறது!

படத்தின் வெற்றி இங்கேதான். காணாமல்போன நகைக்கு ஜோசியரிடம் ஓடுவது நம் ஊருக்குப் புதிதல்ல. அதனால் மெஷின் எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு விஷயம்போல நம்பிவிடுகிறோம். பிறகு ‘24’ (2016), ‘மார்க் ஆண்டனி’ (2023) என்று காலத்தோடு விளையாடிய படங்கள் வந்தன. ரவிக்குமாரே 2024இல் ‘அயலான்’ மூலம் வேற்றுக்கிரகவாசியைக் கூட்டிவந்தார். பிரம்மாண்டம் கூடியது, அந்த வீட்டுவாசல் குறும்பு மட்டும் கொஞ்சம் குறைந்துபோனது.

சிரிப்புப் படம்தான். ஆனாலும் ஒரு விதியில் அது கறாராக இருக்கிறது: பழைய நாளில் கை வைத்தால் இன்றைய நாள் மாறும். கதாநாயகியின் பிறந்த நாளைப் பார்க்க ஜாலியாகப் போகிறார்கள். அந்தப் பயணத்தால், போலீஸ் என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி குழந்தைவேலு தப்பிவிடுகிறான். திரும்பி வந்தால், நிகழ்காலத்தில் வில்லனாக நிற்கிறான்.

பாதி நகைச்சுவை, மீதி அந்த ஒரு தப்பைச் சரிசெய்ய ஓடும் ஓட்டம். 1964 போன்ற தேதிகளின் பக்கம் படம் போவதே இல்லை. போயிருந்தால், ஆறுமுகத்தால் நம்மைச் சிரிக்கவைத்திருக்க முடியாது.