மறதியும் ஓர் அறிவு

அர்ஜென்டினா எறும்புகளின் கூட்டுக்கும் இரைக்கும் நடுவே இரண்டு பாதைகள் கொண்ட பாலத்தை வைத்தார்கள் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள். ஒரு பாதை மற்றதைவிட இரு மடங்கு நீளம். 1989இல் வெளியான அந்தச் சோதனையில், சிறிது நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் குட்டைப் பாதைக்கே வந்துவிட்டன. எந்த எறும்பும் இரண்டையும் அளந்து பார்க்கவில்லை. குட்டைப் பாதையில் போனவை சீக்கிரம் திரும்பியதால் அங்கே வாசனைத் தடம் முதலில் அடர்ந்தது; பின்னால் வந்தவை அதை மோப்பம் பிடித்து நடந்தன. ஆனால் நீண்ட பாதையை மட்டும் முதலில் வைத்து, தடம் ஊன்றியபின் குட்டைப் பாதையைத் திறந்தபோது, எறும்புகள் பழைய வழியையே பிடித்துக்கொண்டன. கூட்டத்தின் அறிவும் அதன் பிடிவாதமும் ஒரே தடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

இத்தாலியின் மார்கோ டோரிகோ 1992இல் தம் முனைவர் ஆய்வேட்டில் இந்த வித்தையைக் கணினிக்குக் கொண்டுவந்தார். 15 ஊர்களைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப 4,358 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. அவற்றில் மிகக் குறுகியதைத் தேடி அவருடைய மென்பொருள் எறும்புகள் ஆளுக்கொரு சுற்று போய், குறுகிய சுற்றில் கூடுதல் தடம் விடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் தடங்களும் கொஞ்சம் ஆவியாகும்படி விதி இருக்கிறது. அந்த மறதி இல்லையென்றால், தொடக்கத்தில் தற்செயலாகக் கிடைத்த சுமாரான வழியிலேயே கூட்டம் சிக்கிவிடும்.

இந்த அறிவு, நிரலை எழுதியவருடையதுதானே என்று கேட்கலாம். விதி அவருடையது, விடை அவருக்கும் தெரியாது. வரைபடத்தை மாற்றினால் அதே விதி வேறு வழியைக் கண்டுபிடிக்கிறது. இதைவிடத் திறமையான கணக்கீட்டு முறைகள் உண்டே என்பது நியாயமான மறுப்பு. ஊர்களும் தூரங்களும் மாறாத கணக்கில் அவையே முந்துகின்றன. நெரிசல் நொடிக்கு நொடி மாறும் வலைப்பின்னலில்தான் மறந்து மறந்து கற்கும் கூட்டத்துக்கு மதிப்பு.

கூட்டம் முட்டாளாகவும் ஆகுமே என்பது கனமான மறுப்பு. 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தையில் தானியங்கி வர்த்தக நிரல்கள் ஒன்றுக்கொன்று எதிர்வினை செய்ய, டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 1,000 புள்ளிகள் சரிந்தது. சிகாகோ முன்பேரச் சந்தையில் வர்த்தகம் தானாகவே 5 நொடி நின்றது. அதன்பிறகு விலைகள் மீளத் தொடங்கின. அந்த 5 நொடியில் எந்த நிரலும் புத்திசாலி ஆகிவிடவில்லை. அவை ஒன்றையொன்று பார்த்து ஓடும் வேகம்தான் தடைபட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு முகவர்களை ஒன்றாக இணைப்பவர்கள், ஒவ்வொரு முகவரின் திறமையைச் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒன்று விட்ட தடத்தை மற்றது எவ்வளவு நேரம் நம்பலாம் என்பதையும் அவர்களே வகுக்க வேண்டும்.