வெட்டை நோயும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

வாய்விட்டுச் சொல்ல நாணி மறைக்கப்படும் நோய்களுள் வெட்டை நோய் தலையாயது. வைத்திய சாஸ்திரத்தார் கொனோரியா என வழங்கும் இதனைக் கலாசாலை மலரில் எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். நாணத்தாற் பிறக்கும் மௌனமே இந்நோய்க்கு உற்ற துணையாதலின், எழுதுதல் கடனென்றே நாம் கருதுகின்றோம்.

இதற்குக் காரணமான கிருமியை 1879-ம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் ஆல்பர்ட் நைசர் கண்டறிந்தார். உடலுறவினால் ஒருவரிடமிருந்து மற்றொருவரைப் பற்றும் இந்நோய், ஆடவர்க்குச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலையும் சீழையும் உண்டாக்கும். மகளிர் பலர்க்கோ வெளிக்குறி ஒன்றும் தோன்றாது. ஆயினும் உள்ளிருந்தே கருக்குழல்களைக் கெடுத்து மகப்பேற்றைத் தடுக்கவும் வல்லது. பிரசவ காலத்திற் குழவியின் கண்களைப் பற்றினாற் பார்வை போதலும் உண்டு. ஆகவே, குற்றமொன்றும் அறியாத மனைவியும் மகவும் இதற்கு இரையாகின்றனர்.

1930-களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகள் இதனைத் தீர்த்தன. சில ஆண்டுகளிலேயே கிருமி அவற்றை எதிர்த்து நிற்கலாயிற்று. 1943 முதற் பெனிசிலின் கைகொடுத்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் யூனிட்டால் தீர்ந்த நோய்க்கு, 1970-களில் 48 இலட்சம் யூனிட் வேண்டியதாயிற்று. 1976-ல் பெனிசிலினையே சிதைக்கும் நொதியைத் தம்முள் உண்டாக்கும் கிருமிகள் வெளிப்பட்டன. டெட்ராசைக்ளினும் சிப்ரோபிளாக்சசினும் அவ்வாறே வலியிழந்தன. இன்று பெரிதும் நம்பப்படுவது செப்ட்ரியாக்சோன் ஊசியே. அதற்கும் பணியாத கிருமி 2009-ல் ஜப்பானியக் கியோட்டோ நகரிற் காணப்பட்டது.

இவ்வலிமை எவ்வாறு வாய்த்தது? கோடிக்கணக்கான கிருமிகளுட் சிலவற்றில் தற்செயலாய் மாறுதல் நிகழ்கின்றது. அன்றியும், தொண்டையில் வாழும் தம் இனக் கிருமிகளிடமிருந்து எதிர்ப்புக் குணத்தை இவை ஏற்கவும் வல்லன. தகாத மருந்தோ, குறைந்த அளவோ உட்கொள்ளப்படின், மெலியவை மடிய வலியவை எஞ்சிப் பெருகும். பின்னர் அவையே பிறரைச் சென்று பற்றும்.

நம் ஆரணியிற் பட்டுத்தறியில் அமர்ந்திருப்பவர் பாவில் ஓரிழை அறுந்ததைக் கண்டால், அதனை முடிந்த பின்னரே மேலே நெய்வர். ஓரிழைதானே என விட்டால் சேலை முழுவதும் பழுதாகும் என்பதை அவர் அறிவர். உடல் நோயிலோ, வைத்தியரைக் காண நாணி, கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கி, எரிச்சல் தணிந்ததும் தீர்ந்ததென்று இருந்துவிடுவார் பலர். செபிக்சிம், செப்ட்ரியாக்சோன் முதலியவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்றலாகாதென்றும், விற்றதைக் கணக்கிற் பதிய வேண்டுமென்றும் நம் நாட்டில் 2014 முதற் சட்டம் உண்டு. வாங்குவோர் ஒத்துழையாவிடில் அச்சட்டத்தாற் பயன் சிறிதே.

2025 டிசம்பரில் ஜோலிபுளோடாசின், ஜெபோடிடாசின் என்னும் இரு புதிய மருந்துகட்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பழையவற்றைப்போல் வீணாக்கினால் இவையும் நெடுநாள் நில்லா.

செய்யத்தக்கன சிலவே. குறி கண்டவுடன் அரசினர் மருத்துவமனையை நாடுக. அங்கு இதற்குரிய ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம். துணைவர்க்கும் உடன் சிகிச்சை செய்விக்க. இருவர்க்கும் சிகிச்சை முடிந்து ஏழு நாள் கழியும்வரை உறவு தவிர்க்க. ஆணுறை இந்நோயைப் பெரிதும் தடுக்கும் என்பதையும் அறிக. நோயுற்றாரை இகழ்வது நோயை ஒளிக்கவே செய்யும். ஒளித்த நோய் ஊரெங்கும் பரவும். கற்றறிந்த நம் மாணவர், நண்பரொருவர் தயங்கி நிற்கக் கண்டால், ஏளனம் செய்யாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வராக.