திறமூலப் பொதிகளில் செய்யப்படும் திருத்தங்களும் வெளிப்படைத்தன்மையும்

திறமூல மென்பொருளை எழுதுபவர் ஒருவர். அதைப் பொதியாகக் கட்டி நம் கணினிக்கு அனுப்புபவர் பெரும்பாலும் வேறொருவர். இந்த இரண்டாமவரைப் பொதிப் பராமரிப்பாளர் என்பர். பொதிகள் சேர்த்துவைக்கப்படும் இடம் களஞ்சியம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தக் களஞ்சியம் உண்டு. மூல ஆசிரியர் எழுதிய நிரலைப் பராமரிப்பாளர் திருத்தலாம். திறமூல உரிமங்கள் அதை அனுமதிக்கின்றன. திருத்தியதை எங்கே, எவ்வளவு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்பதில்தான் சிக்கல் வருகிறது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம். அதாவது மூல ஆசிரியர், டெபியன், சி-டாக் என்று மூன்று கை மாறித்தான் ஒரு நிரல் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்து மாணவியின் மடிக்கு வந்தது. (பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை.)

கை மாறும் சரக்கைப் பற்றிக் கரிசல் காட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பருத்தியை விளைவிப்பவர் ஒருவர், அரைத்துப் பேலாக அழுத்துபவர் வேறொருவர். 1925-ஆம் ஆண்டின் பருத்தி அரவை, அழுத்து ஆலைகள் சட்டம், ஒவ்வொரு பேலிலும் ஆலையின் குறியும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும் என்றது. பேலைப் பிரித்தபின் உள்ளே மட்டப் பஞ்சோ தண்ணீர் தெளித்த பஞ்சோ இருந்தால், எந்த ஆலையில் கட்டியது என்று பார்க்க வழி இருந்தது.

ஏன் திருத்துகிறார்கள்?

பெரும்பாலும் நல்ல காரணங்களுக்காகவே. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், புதிய பதிப்புக்கு மாறாமல் அந்த ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டியிருக்கும். கோப்புகள் இருக்கும் இடத்தை வழங்கலின் வழக்கத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

உரிமங்கள் இதில் ஒரே மாதிரி இல்லை. 1991-இல் வெளியான குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, திருத்திய கோப்பில் 'திருத்தினேன்' என்ற குறிப்பும் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. எம்ஐடி உரிமம் அப்படி எதையும் கேட்பதில்லை. பள்ளியில் மதிப்பெண் பதிவேட்டைத் திருத்தும்போது பழைய எண் தெரியும்படி ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுவோம். வெள்ளை மை பூசக் கூடாது. குனு உரிமத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது.

2006–2008: இரண்டு வரிகள்

ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்ய உதவும் நிரல் நூலகம். மறையாக்கச் சாவிகளை உருவாக்க, யாரும் ஊகிக்க முடியாத எதேச்சை எண்கள் தேவை. வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி அந்த நூலகத்தின் இரண்டு வரிகளைச் சுட்டி எச்சரிக்கை தந்துகொண்டிருந்தது. டெபியன் பராமரிப்பாளர் 2006 மே மாதம் மூல நிரலாளர்களிடம் இதைப் பற்றிக் கேட்டார். பிழை தேடுவதற்கு உதவும் என்றால் எடுத்துவிடலாம் என்ற பொருளில் ஒரு பதில் வந்தது. வரிகள் நீக்கப்பட்டன. திருத்தப்பட்ட பொதி அவ்வாண்டு செப்டம்பரில் களஞ்சியத்துக்கு வந்தது.

நீக்கிய வரிகளில் ஒன்றுதான் திரட்டிய எதேச்சைத் தரவுகளை உள்ளே கலக்கும் வரி. அது போனபின் மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் செயல் எண் மட்டுமே. அது அதிகபட்சம் 32,768 வரைதான் போகும். ஆகவே ஒரு வகை, ஒரு நீளச் சாவிக்குச் சுமார் 32 ஆயிரம் வாய்ப்புகளே இருந்தன. அத்தனையையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று டெபியன் பகிரங்கமாக அறிவித்தது. டெபியனிலும் அதிலிருந்து வந்த உபுண்டுவிலும் அந்த இடைக்காலத்தில் உருவாக்கிய சாவிகளைத் தூக்கியெறிந்து புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அங்கே உருவாக்கி வேறு கணினிக்குக் கொண்டுபோன சாவிகளும் இதில் அடக்கம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் திருத்தம் மறைக்கப்படவில்லை என்பது. முன்பே கேள்வி கேட்கப்பட்டது. மூல நிரல் யாரும் பார்க்கும்படி இருந்தது. இருந்தும் இருபது மாதம் யார் கண்ணிலும் படவில்லை. செய்த திருத்தத்தை அப்படியே மூல ஆசிரியர்களிடம் அனுப்பி ஒப்புதல் பெறும் படி விடுபட்டுப்போனது. கதவு திறந்திருந்தது, உள்ளே வந்து பார்க்க ஆள் இல்லை. பராமரிப்பாளரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து.

இன்று டெபியனில் பெரும்பாலான பொதிகளில் மூல ஆசிரியரின் நிரல் தொடப்படாமல் தனியாகவும், திருத்தங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாகவும் இருக்கின்றன. ஒவ்வொரு திருத்தத்தின் தலைப்பிலும் என்ன காரணம், யார் எழுதியது, மூல ஆசிரியருக்கு அனுப்பப்பட்டதா, கடைசியாக மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதும் வழக்கம் உண்டு. அனுப்பப்பட்டதா என்ற அந்த ஒரு வரி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதற்கு 2024-இல் இன்னொரு சான்று கிடைத்தது. கீபாஸ்எக்ஸ்சி என்னும் கடவுச்சொல் பெட்டகத்தின் பல வசதிகளை நீக்கிய பொதியையே டெபியன் பராமரிப்பாளர் அதே பெயரில் சோதனைக் களஞ்சியத்தில் வைத்தார். முழு வடிவம் வேறு பெயருக்குப் போனது. மாற்றத்தைப் பொதியின் செய்திக் குறிப்பில் எழுதியும் இருந்தார். ஆனால் வசதி காணாமல்போனவர்கள் புகாரோடு போனது மூல ஆசிரியர்களிடம்தான். மொசில்லாவோ தன் ஒப்புதல் இல்லாத திருத்தத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரைத் தர மறுத்ததால், 2006 முதல் 2016 வரை டெபியனில் அந்த உலாவி ஐஸ்வீசல் என்ற பெயரில் இருந்தது.

நீங்களே பார்க்க

டெபியன் வழிவந்த கணினி உங்களிடம் இருந்தால், முனையத்தில் 'ஏப்ட் சேஞ்ச்லாக்' என்ற கட்டளையைப் பொதியின் பெயருடன் கொடுங்கள். பராமரிப்பாளர் செய்தவை தேதி வாரியாக வரும். பதிப்பு எண்ணையும் பாருங்கள். சிறுகோட்டுக்கு முன்னால் இருப்பது மூல ஆசிரியரின் எண், பின்னால் இருப்பது டெபியனுடையது. அதன் வாலில் 'உபுண்டு1' என்று ஒட்டியிருந்தால், டெபியனுக்குப் பிறகு உபுண்டுவும் ஒருமுறை கை வைத்திருக்கிறது.